பயிற்சி இதழை ஊர் படிக்கும் இதழாக்குவது

பல கல்லூரிகளின் இதழியல் துறைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். துறைத் தலைவர் அறையின் ஓரத்தில் ஓர் இரும்பு பீரோ இருக்கும். அதன் அடித்தட்டில், அச்சகத்தில் கட்டிய சணல்கூட அவிழாமல் பயிற்சி இதழ்க் கட்டுகள் கிடக்கும். மேல் கட்டிலிருந்து மட்டும் சில பிரதிகளை உருவியிருப்பார்கள்: புறத்தேர்வாளருக்கு ஒன்று, முதல்வர் மேசைக்கு ஒன்று, தரமதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது காட்ட நாலைந்து. அந்த இதழுக்காக இருபது முப்பது மாணவர்கள் ஒரு பருவம் முழுக்க அலைந்திருப்பார்கள். அவர்கள் எழுதியதை ஊரில் ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள்.

மாணவர்கள் 'லேப் ஜர்னல்' என்று சொல்லும் இந்தப் பயிற்சி இதழைத்தான் இதழியல், விஸ்காம் படிப்புகளின் ஆகச் சிறந்த பாடமாக நான் நினைக்கிறேன். வகுப்பில் சொல்லித்தர முடியாத ஒன்று அதில் இருக்கிறது. நாம் யாரைப் பற்றி எழுதினோமோ அவர் அதைப் படித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை வரும் என்று தெரிந்தால்தான் ஒரு பெயரை இரண்டாவது முறை சரிபார்க்கத் தோன்றும். பீரோவில் கிடக்கும் இதழால் அந்தப் பாடத்தைத் தர முடியாது. மதிப்பெண்ணுக்காக அச்சாகும் நாலு பக்கத்தை, கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர் வாங்கிப் படிக்கும் நாலு பக்கமாக மாற்றும் வழியைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

எல்லையைப் போடுங்கள்

முதல் கூட்டத்தில் இதழுக்குப் பெயர் தேட உட்காராதீர்கள். அது ஒரு வாரத்தை விழுங்கிவிடும். கரும்பலகையில் கல்லூரி வாசலை ஒரு புள்ளியாக வையுங்கள். நடந்து போய்த் திரும்பக்கூடிய தொலைவுக்கு ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் இருப்பதையெல்லாம் மாணவர்களே எழுந்துவந்து எழுதட்டும்: பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், விடுதிகள், ஜெராக்ஸ் கடைகள், வாரச் சந்தை, வாய்க்கால். இந்த வட்டத்துக்குள் நடப்பது மட்டுமே நம் இதழில் வரும் என்று முடிவெடுங்கள்.

இதற்கு எதிர்ப்பு வரும். "சின்ன விஷயமா இருக்கே சார்" என்பார்கள். உலக வெப்பமயமாதல், இளைஞர்களும் சமூக ஊடகமும், பெண் கல்வி என்று பெரிய தலைப்புகளில் எழுதவே கை பரபரக்கும். அந்தக் கட்டுரைகளை அறையைவிட்டு நகராமல் இணையத்திலிருந்தே எழுதிவிடலாம் என்பதுதான் அவற்றின் குறை. வட்டத்துக்குள் அப்படி முடியாது. அங்கே நடப்பதைப் போய்ப் பார்த்தவரைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். தினசரிகளின் மாவட்டப் பதிப்புக்கு ஒரு தாலுகா முழுவதையும் ஒரே நிருபர் பார்க்கும் இடங்கள் உண்டு. அவரால் உங்கள் கல்லூரி வாசல் நிறுத்தத்தில் தினமும் நிற்க முடியாது. உங்களால் முடியும்.

வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கும் மாணவருக்கு ஊர் தெரியாது. வீட்டிலிருந்து வரும் மாணவருக்கு விடுதி தெரியாது. இருவரையும் ஒரே செய்திக்கு இணையாக அனுப்புங்கள். ஒருவருக்குப் பழகிப்போனது மற்றவர் கண்ணில் படும்.

குழுவை அமைப்பதில் அதிகம் சொல்வதற்கில்லை. ஆசிரியர் பொறுப்பு இதழுக்கு இதழ் மாறட்டும். பேராசிரியர் ஆலோசகராக மட்டும் இருக்கட்டும். டெஸ்க்கில் உட்காரும் மூவரை மட்டும் இரண்டு இதழுக்காவது மாற்றாமல் வையுங்கள், நடை நிலைக்க அது உதவும். எழுதியவர் தன் செய்திக்குத் தானே புரூஃப் பார்க்கக் கூடாது. எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

பொருள் வேறு, செய்தி வேறு

செய்திக் கூட்டத்தில்தான் பாதி இதழ் உருவாகிறது. அங்கே பெரும்பாலும் நடக்கும் ஒரு தவறைச் சொல்கிறேன். மாணவர் ஒரு பொருளைச் சொல்வார், ஆலோசகர் தலையாட்டிவிடுவார். மூன்று வாரம் கழித்துப் பொதுவான ஒரு கட்டுரை வந்து நிற்கும்.

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. நான் வழிநடத்திய ஓர் இதழின் கூட்டத்தில் ஒரு மாணவி எழுந்து, அந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுவதாகச் சொன்னார்.

"என்ன எழுதப்போற?"

"நன்மை, தீமை ரெண்டும் சார்."

"நீ எங்கம்மா பார்த்த அதை?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "நம்ம ஸ்டாப்புல ஒரு அக்கா தினமும் நிப்பாங்க சார். வீட்டு வேலைக்குப் போறவங்க. ரெண்டு பஸ்ஸை விட்டுட்டுதான் மூணாவது பஸ்ல ஏறுவாங்க. ஏன்னு கேட்டதில்ல."

செய்தி அதில் இருந்தது. அந்த அக்கா விட்டுவிட்ட இரண்டும் கட்டணம் வாங்கும் பேருந்துகள். கட்டணமில்லாத பேருந்து எப்போது வரும், வந்தாலும் நிற்குமா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. நன்மை தீமை எழுதப்போன மாணவியின் கையில் இப்போது ஓர் இடம், ஒரு நேரம், ஒரு மனிதர், விடை தேட வேண்டிய ஒரு கேள்வி எல்லாம் வந்துவிட்டன. கூட்டத்தில் ஒவ்வொரு பொருளையும் இப்படிக் கீழே இறக்குங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யாருக்கு, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். கூடவே ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: இது இப்படி நடக்காது என்று யாராவது முன்பே வாக்குக் கொடுத்திருக்கிறார்களா? ஓர் அறிவிப்புப் பலகை, ஓர் அரசாணை, ஒரு கால அட்டவணை என்று ஏதாவது இருக்கும். சொன்னதற்கும் நடப்பதற்கும் உள்ள இடைவெளியை அளக்க முடிந்தால் செய்தி வலுவாகிவிடும்.

நின்று எண்ணுவது

அந்த நிறுத்தத்தில் ஆறு மாணவர்கள் இரண்டிரண்டு பேராக, ஐந்து வேலைநாள் காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை நின்றார்கள். ஒரு நீள நோட்டில் கோடு போட்டு ஐந்து பத்தி: வந்த நேரம், தட எண், கட்டணமா கட்டணமில்லாததா, நின்றதா நிற்காமல் போனதா, ஏறாமல் நின்றுவிட்ட பெண்கள் எத்தனை பேர். செலவோ தொழில்நுட்பமோ தேவைப்படாத வேலை இது. ஆனால் ஊடகப் படிப்பில் இப்போது 'தரவு இதழியல்' என்று பாடம் வைத்திருப்பதன் வேர் இந்த நோட்டில்தான் இருக்கிறது. அரசு தரும் அட்டவணையைப் பதிவிறக்கி வண்ண வரைபடம் போடுவதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். ஓர் எண் எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் பனியில் நின்று பார்க்க வேண்டும்.

எண்ணுவதில் இரண்டு எச்சரிக்கைகள். ஒரு நாள் ஒரு மாணவர் அரைமணி நேரம் தாமதமாக வந்துவிட்டு, முந்தைய நாள் கணக்கைப் பார்த்து அந்த இடைவெளியை நிரப்பிவிட்டார். அதை அவரே வந்து சொன்னார். அந்த நாளின் கணக்கு முழுவதையும் தள்ளிவிட்டு, இன்னொரு நாள் நின்றோம். அவரைத் திட்டவில்லை. வந்து சொன்னதற்காகக் கூட்டத்தில் பாராட்டினோம். மற்றது, ஐந்து நாள் கணக்கு ஐந்து நாளைத்தான் சொல்லும். 'எப்போதும் நிற்பதில்லை' என்று அதை வைத்து எழுத முடியாது. 'நாங்கள் நின்ற ஐந்து நாளில்' என்று எழுதினால் யாராலும் மறுக்க முடியாது.

அடுத்து, எதிர்ப்பக்கம் இருப்பவரிடம் போக வேண்டும். மாணவர்கள் தயங்கும் இடம் இது, ஆனால் இந்த வேலையில் எனக்கு ஆகப் பிடித்தமானதும் இதுதான். ஓட்டுநரையும் நடத்துநரையும் முனையத்தில் அவர்கள் டீ குடிக்கும் நேரத்தில் பார்த்தார்கள். அதுவரை செய்தியின் வில்லன்களாகத் தெரிந்தவர்கள் வேறு மாதிரித் தெரியத் தொடங்கினார்கள். ஒரு நடைக்குக் கொடுத்திருக்கும் நேரம், நெரிசல், பழுதான வண்டிக்கு மாற்று வண்டி இல்லாதது, நிறுத்தம் சரிவில் இருப்பது என்று அவர்கள் தரப்பில் காரணங்கள் இருந்தன. அவர்கள் பெயரை நாங்கள் போடவில்லை. மேலிட அனுமதி இல்லாமல் பத்திரிகையிடம் பேசினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பெயர் போட வேண்டிய இடம் கிளை மேலாளர். அவரிடம் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, பதிலுக்கு நாள் குறித்துவிட்டு வந்தார்கள்.

அட்டவணை கையில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் இந்தச் சட்டம் மாணவ நிருபருக்கும் மூத்த நிருபருக்கும் ஒரே கதவைத் திறக்கிறது. வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 'ஆசிரியர், பயிற்சி இதழ்' என்று கையெழுத்திடாமல் உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள், இந்த உரிமையைச் சட்டம் குடிமக்களுக்குத் தந்திருக்கிறது. 'பேருந்து ஏன் நிற்பதில்லை' என்று கேட்டால் பதில் வராது. இன்ன தடத்துக்கு இன்ன மாதத்தில் நடைமுறையில் இருந்த கால அட்டவணையின் நகல், அந்த மாதத்தில் ரத்தான நடைகளின் பதிவு நகல் என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம். வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். இந்த நாட்கணக்கைப் பருவத்தின் நாட்கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே மனுவைப் போட்டால்தான் கடைசி இதழுக்காவது பதில் வந்து சேரும். இதழ்க் கூட்டத்துக்கு முன்பே மனுக் கூட்டம் ஒன்று நடத்துங்கள் என்று சொல்வேன்.

பெயரும் படமும்

செய்தியில் வருபவரின் பெயரை அவர் கையாலேயே உங்கள் நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால், நீங்கள் எழுதியதை வாசித்துக்காட்டிச் சரியா என்று கேளுங்கள். எங்கே அச்சாகும், யார் படிப்பார்கள் என்பதைப் பழைய இதழ் ஒன்றைக் கையில் கொடுத்தே விளக்குங்கள். அந்த நிறுத்தத்து அக்கா முதலில் படத்துக்குச் சம்மதித்தார். வேலை பார்க்கும் வீட்டிலும் இதழ் கிடைக்கக்கூடும் என்று மாணவி சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். படம் போடவில்லை. அப்படிச் சொல்லாமல் படத்தை வாங்கியிருந்தால் அது சம்மதம் ஆகியிருக்காது.

சட்டம் கண்டிப்பாக இருக்கும் இடங்களைத் துறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, தெரு என்று அடையாளம் காட்டும் எதையும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. வயது வந்தவர் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறாரின் அடையாளத்துக்கும், பராமரிப்பு தேவைப்படும் சிறாரின் அடையாளத்துக்கும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 74ஆம் பிரிவு. பெயரை விட்டுவிட்டு ஊர், தந்தையின் தொழில், வகுப்பு எல்லாவற்றையும் எழுதினால் அந்தத் தெருவுக்கு யாரென்று தெரிந்துவிடும். நம் இதழைப் படிப்பவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான் என்பதால் தினசரிகளைவிட நமக்குக் கூடுதல் கவனம் தேவை.

விடுதியில் ஒரு தற்கொலை நடந்தால் இதழ் என்ன செய்யும் என்பதை, அப்படி எதுவும் நடக்காத நாளிலேயே பேசி முடிவெடுங்கள். முறையை விவரிக்கக் கூடாது. ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்டி எழுதக் கூடாது. முதல் பக்கத்தில் பெரிதாகப் போடக் கூடாது. டெலி மனாஸ் உதவி எண் 14416 செய்தியோடு இருக்க வேண்டும். இறந்தவரின் அறைத்தோழர் நம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

டெஸ்க்கில் தமிழ்

மாணவர்கள் கொண்டுவரும் பிரதியில் அரசுக் குறிப்பின் மொழி புகுந்திருக்கும். 'பொதுமக்களின் கோரிக்கையினை ஏற்று உரிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருவதாகத் தெரிவிக்கப்பட்டது' என்பது ஒரு மாதிரி. யார் தெரிவித்தார், யார் செய்கிறார், என்ன செய்கிறார் என்று எதுவும் இதில் இல்லை. டெஸ்க்கில் இருப்பவர் இந்த மூன்றையும் நிருபரிடம் கேட்க வேண்டும். பதில் கிடைத்தால் வாக்கியம் தானாகச் சீராகும்: 'இந்தத் தடத்தில் காலையில் ஒரு நடை கூட்டுகிறோம் என்றார் கிளை மேலாளர்.' நிருபருக்குப் பதில் தெரியாவிட்டால், பிழை மொழியில் இல்லை, அவர் இன்னொரு முறை போய்க் கேட்டுவர வேண்டும்.

இன்னொன்றை நான் ஒவ்வொரு பிரதியிலும் தேடிப் பார்ப்பேன். தமிழில் வினைமுற்றிலேயே மரியாதை உட்கார்ந்திருக்கிறது. அதிகாரி 'கூறினார்'. பூ விற்கும் பெண் 'சொன்னாள்'. பேராசிரியர் 'வந்தார்', சுமை தூக்குபவர் 'வந்தான்'. எழுதும் மாணவர் வேண்டுமென்று செய்வதில்லை, வீட்டிலும் தெருவிலும் கேட்டது கையில் வந்துவிடுகிறது. எங்கள் விதி எளியது. பெரியவர் எவரானாலும் 'ர்' விகுதிதான். கைதானவருக்கும் அப்படியே, தீர்ப்பு வரவில்லை அல்லவா. இந்த ஒரு விதியைக் கடைப்பிடிக்கத் தொடங்கிய பிறகு மாணவர்கள் நேரில் பேசும் முறையும் மாறியதைக் கண்டிருக்கிறேன்.

மேற்கோளிலும் இதே பாகுபாடு ஒளிந்திருக்கும். மேலாளர் பேசியதைச் செந்தமிழாக்கிவிட்டு, வீட்டு வேலை செய்பவர் பேசியதை மட்டும் 'வந்துச்சுங்க, போச்சுங்க' என்று அப்படியே போடுவார்கள். உயிர்ப்பாக இருக்கிறது என்பார்கள். மேலாளரும் பேச்சுத் தமிழில்தானே பேசினார்? இருவரையும் பேச்சில் போடுங்கள், அல்லது இருவரையும் எழுத்துத் தமிழுக்கு மாற்றுங்கள். பேச்சிலேயே போடுவதுதான் என் விருப்பம். வட்டார மொழி நம் இதழில் வாழட்டும். ஆனால் அது ஒரு தரப்பின் வறுமையைக் காட்டும் அடையாளமாகிவிடக் கூடாது.

'கண்ணீர் மல்க', 'ஏழைப் பெண்மணி', 'அவல நிலை' ஆகியவற்றைத் தயங்காமல் வெட்டுங்கள். கண்ணீர் வந்ததை நிருபர் பார்த்தாரா என்று மட்டும் கேளுங்கள். பார்த்திருந்தால் எப்போது, எதைச் சொல்லும்போது என்று எழுதச் சொல்லுங்கள். பெண்களை 'இன்னாரின் மனைவி' என்று அறிமுகம் செய்யும் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். கடைசியாக, பக்கம் போவதற்கு முன் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் மூலப்பிரதியைப் பார்க்கட்டும். ஒற்றுப் பிழையைக் கண் விட்டுவிடும். மூச்சுத் திணறும் வாக்கியத்தைக் காது பிடித்துவிடும்.

பக்கமும் அச்சும்

கணினியில் வரும் சிக்கல்களில் முதலாவது எழுத்துரு. ஒருவர் பாமினியில் அடித்திருப்பார், இன்னொருவர் கைப்பேசியில் யூனிகோடில் அடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருப்பார். எல்லாப் பிரதியும் யூனிகோடில்தான் வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இன்டிசைனில் யூனிகோட் தமிழைக் கொட்டியதும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பிரதியில் ஒகர ஓகாரக் குறிகளையும் ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துகளையும் தனியாகப் பாருங்கள்.

செலவைப் பற்றித் துறையில் கவலைப்படுவார்கள். டேப்ளாய்டு அளவில் நாலு பக்கம் என்பது ஒரே பெரிய தாளை மடிப்பதுதான். ஒன்றாம் பக்கமும் நாலாம் பக்கமும் தாளின் ஒரு புறம், இரண்டும் மூன்றும் மறுபுறம். இருபுறமும் பலவண்ணம் என்றால் எட்டு பிளேட் வேண்டும். வெளிப்புறம் வண்ணம், உட்புறம் கறுப்பு மட்டும் என்றால் ஐந்து பிளேட் போதும். மிச்சமாகும் பணத்தில் பிரதி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். உள்ளே கறுப்பு வெள்ளையில் நன்றாக வரக்கூடிய படங்களைத் தேர்ந்தெடுப்பதும் புகைப்படம் படிக்கும் மாணவருக்கு நல்ல பயிற்சி. பக்கக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவதோடு நின்றுவிடாமல், இதழுக்கு நாலு பேராவது அச்சகத்துக்கு நேரில் போக வேண்டும். பிளேட் போட்ட பிறகு ஒரு பிழையைத் திருத்த என்ன ஆகிறது என்று கண்ணால் பார்த்தவர் அடுத்த முறை புரூஃபை வேறு கண்ணோடு பார்ப்பார்.

கொண்டுபோய்க் கொடுப்பது

விநியோகத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஆசிரியருக்கு இணையான மதிப்பு அவருக்கு இருக்க வேண்டும். தொடக்கத்துக்கு 500 பிரதி போதும். முதல் பிரதிகள் செய்தியில் வந்தவர்களுக்கு, எழுதியவரே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அடுத்தவை மக்கள் காத்திருக்கும் இடங்களுக்கு: முடிதிருத்தகம், டீக்கடை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சு, கிளை நூலகம், நகராட்சி வார்டு உறுப்பினர் வீடு. காத்திருப்பவர் எதையும் படிப்பார். ஒரு வாரம் கழித்து அதே இடங்களுக்குப் போய், எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது, எது வடை மடிக்கப் போயிருக்கிறது என்று பாருங்கள். டீக்கடைக்காரர் சொல்லும் விமர்சனத்தை நோட்டில் எழுதிவந்து அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள்.

கல்லூரியில் சமுதாய வானொலி இருந்தால் அதே செய்தியைக் காதுக்கும் கொண்டுபோகலாம். இந்தியாவில் வளாகச் சமுதாய வானொலிக்கு வழிகாட்டியது சென்னைதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பேருந்து நேரம், தண்ணீர் வரும் நாள், தேர்வு, வேலைவாய்ப்பு போன்ற உள்ளூர்த் தகவலைச் சொல்லலாம். நிறுத்தத்தில் காத்திருக்கும் பெண்களைத் தங்கள் காலை நேரத்தைப் பற்றிப் பேசவைத்து ஒரு நிகழ்ச்சி செய்யலாம். பயிற்சி இதழில் ஒன்றரைப் பத்தியில் அடங்கியவர் அங்கே பத்து நிமிடம் தன் குரலில் பேசுவார்.

முதல்வர் கூப்பிட்டால்

வட்டத்துக்கு நடுவில் கல்லூரியும் இருக்கிறது. விடுதித் தண்ணீர், தேர்வுக் கட்டணம், நூலக நேரம் என்று அதைப் பற்றியும் எழுத வேண்டிவரும். அப்போது ஒரு நாள் அழைப்பு வரும். நான் பணிபுரிந்த ஒரு கல்லூரியில் விடுதித் தண்ணீரைப் பற்றிய செய்தியை அச்சுக்குப் போகும் முன் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். அன்று மாணவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகுதான் சில காப்புகளை முன்கூட்டியே செய்துவைக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பக்கத்தில் இதழ்க் கொள்கையை எழுதி, துறைத் தலைவர் கையெழுத்தோடு முதல்வர் அலுவலகத்தில் ஒப்புதல் பெற்று வையுங்கள். எது அச்சாகும் என்று யார் முடிவெடுப்பார், புகார் வந்தால் யாரிடம் போகும் என்பது அதில் இருக்கட்டும். விமர்சனத்துக்கு உள்ளாகிறவருக்கு நம் கேள்விகள் முன்பே போய்ச் சேர வேண்டும், பதில் சொல்லக் குறைந்தது இரண்டு நாள் தர வேண்டும், சொன்ன பதிலைச் செய்திக்குள்ளேயே போட வேண்டும். பிரதியை முன்கூட்டிக் காட்ட வேண்டியதில்லை. எடுக்கச் சொன்னால், காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பல நேரம் அதோடு விஷயம் அடங்கிவிடும். எடுத்தே ஆக வேண்டும் என்றால், ஆவணங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அடுத்த இதழுக்கு இன்னும் வலுவாக எழுதுங்கள். எங்கள் தண்ணீர்ச் செய்தி இரண்டு இதழ் கழித்து, விடுதிக் காப்பாளரின் விளக்கத்தோடு வெளிவந்தது. அந்த விளக்கம் இல்லாமல் முதலில் எழுதியதைவிட அதுவே முழுமையான செய்தியாகவும் இருந்தது.

மதிப்பெண் போடும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அகமதிப்பீட்டில் அச்சான பிரதிக்குப் பாதி போடுங்கள், மீதியை நோட்டுக்குப் போடுங்கள். எத்தனை முறை போனார், யாரிடமெல்லாம் கேட்டார், எதை விட்டுவிட்டார், ஏன் விட்டார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். சண்டை வராத செய்தியை எழுதினால்தான் மதிப்பெண் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் விழுந்துவிட்டால் அதை எடுப்பது கடினம். வேலைக்குப் போகும்போதும் அந்த நோட்டு உதவும். விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம் போன்ற வாய்ப்புகளுக்கு விண்ணப்பிக்கும்போது, உலகப் பிரச்சினை பற்றிய பத்துக் கட்டுரைகளைவிட ஊர் நிறுத்தத்தைப் பற்றிய ஒன்று அதிகம் பேசும். கிராமப்புறத்தைப் பற்றிய மாணவர் எழுத்துகளைப் பாரி என்கிற இந்திய ஊரக மக்கள் காப்பகமும் தன் கல்விப் பிரிவில் வெளியிடுகிறது.

திருத்தம்

இதழ் வந்ததும் ஒரு வாரத்துக்குள் ஒரு திருத்தக் கூட்டம் போடுங்கள். வந்த பிழைகளில் வாசகரைத் தவறாக வழிநடத்தக்கூடியது எதுவோ அதை அடுத்த இதழில், முதல் பிழை வந்த அதே பக்கத்தில் திருத்திப் போடுங்கள். எது தவறு, எது சரி என்று இரண்டும் இருக்க வேண்டும். 'தவறுக்கு வருந்துகிறோம்' மட்டும் போதாது.

பேருந்துச் செய்தியில் ஒரு தட எண்ணை மாற்றிப் போட்டுவிட்டோம். முனையத்தில் இதழை வாங்கிப் படித்த நடத்துநர் ஒருவர்தான் அதைச் சுட்டிக்காட்டினார். "அந்த வண்டி உங்க ஸ்டாப்பு பக்கமே வராதும்மா, அது பைபாஸ்ல போறது" என்றார். அடுத்த இதழில் திருத்தம் வந்தது. அந்த மாணவி பிரதியை எடுத்துக்கொண்டு அவர் பணி மாறும் நேரத்தில் முனையத்துக்குப் போனார். நடத்துநர் திருத்தத்தைப் படித்தார், எண்ணை இன்னொரு முறை சரிபார்த்தார், தாளை நாலாக மடித்துப் பயணச்சீட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, மாலை ஏழு மணிக்கு மேல் அந்த நிறுத்தத்தில் விளக்கு எரிவதில்லை, அதை எழுதுவீர்களா என்று கேட்டார். மாணவி நோட்டைத் திறந்தார்.